சுமையின்றி நடக்க ஒரு பாதை

வார தியானம்
வேதபகுதி: எண்ணாகமம் 20:14–21, உபாகமம் 19:1–3





கோடையில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் இறங்கும்போது, நாகமரைத் துறையில் நின்று பண்ணவாடிப் பக்கம் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. 1934-ல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீருக்குள் போன ஊர்களின் அடையாளங்கள் ஒவ்வொன்றாக மேலெழும்புகின்றன. ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி தெரிகிறது. பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் தெரிகிறது. பரிசலில் போய் அதன் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களும் நம் சபையில் இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி நின்றுகொண்டிருந்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. கோபுரம் இங்கே நிற்கிறது. ஆனால் இந்த ஆலயத்திற்கு ஓய்வுநாள் காலையில் மக்கள் நடந்து வந்த பாதை எங்கே? அதன் சுவடு எதையும் நான் காணவில்லை. கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டது தொண்ணூறு ஆண்டுகள் நீருக்குள் கிடந்தாலும் நிற்கும். பாதை அப்படி நிற்பதில்லை. நடக்கும் கால்களும் பேணும் கைகளும் இருக்கும்வரைதான் அது பாதை. அவை இரண்டும் ஒழிந்தால் அது வெறும் நிலம்.

அந்தப் பாதையை மூடியது அணைநீர். நம் ஊர்ப் பாதையை மூடியது எது என்பதைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

தள்ளிப்போட்ட ஒரு காரியம்

நம் ஆலயத் தெருவின் கோடியிலிருந்து மேட்டுக்காட்டின் ஊடாகக் குன்றடிவரை ஒரு பழைய வண்டித்தடம் செல்கிறது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தூரம். மாட்டுவண்டிகள் ஓடிய நாட்களில் கேழ்வரகும் நிலக்கடலையும் அதன் வழியாகவே வீடு வந்து சேர்ந்தன. பேருந்தும் இருசக்கர வாகனமும் வந்தபின் அதில் நடப்பவர் குறைந்தனர். சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் இரு பக்கமிருந்தும் நெருங்கின. பிறகு குப்பை வந்தது. குப்பைக்குப் பின் உடைந்த மதுப்புட்டிகள் வந்தன. இதற்கு யாரும் பகைவர் அல்லர். நாம் எல்லாரும் சேர்ந்து மறந்ததால் நேர்ந்தது இது.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஐந்து பேர் என்னிடம் வந்தார்கள். சனிக்கிழமைக் காலைகளில் அந்தத் தடத்தைத் திருத்த அனுமதி கேட்டார்கள். முதியோரும் பிள்ளைகளும் மாலையில் நடக்கவும், புங்கமர நிழலில் சற்று அமரவும் அது உதவும் என்றார்கள். கிராமசபையில் மனுக் கொடுத்து, அதை ஊரின் நடைபாதையாகப் பேணும்படி கேட்கவேண்டும் என்றார்கள். நான் சொன்ன பதில் ஒரே சொல்: "பார்க்கலாம்." விடுமுறை வேதாகமப் பள்ளியின் கணக்கு முடியவில்லை, ஆலயக் கூரை வேலை பாதியில் நின்றது, கன்வென்ஷன் கூட்டங்கள் நெருங்கின. காரணங்கள் எல்லாம் உண்மையானவை. ஆனாலும் நான்கு மாதங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு நான் மறுபடியும் பதில் சொல்லவில்லை.

ஐப்பசியில் நம் சபைத் தாயார் ஒருவர், சர்க்கரை நோய்க்காக நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கும்படி மருத்துவர் சொன்னதற்கிணங்க, விடியற்காலையில் தார்ச்சாலையின் ஓரமாக நடந்துகொண்டிருந்தார். தூறல் நேரம். இரவு வேலை முடித்து வந்த ஒரு வாலிபனின் வண்டி அவர்மேல் மோதியது. இடுப்பெலும்பு முறிந்தது. அந்த வாலிபனை நான் குறைசொல்லமாட்டேன். அவனே தூக்கிச் சென்று சேர்த்தான். நான் மருத்துவமனையில் பார்க்கப் போனபோது அந்தத் தாயார் சொன்னார்: "ஐயா, நான் கல்யாணமாகி வந்தது அந்த வண்டித்தடத்துலதான். அது நல்லா இருந்திருந்தா அதுலேயே நடந்திருப்பேன்." அவர் யாரையும் குற்றப்படுத்தவில்லை. ஆனால் அந்த வார்த்தை என்னைக் குற்றப்படுத்தியது. நான் அன்றே சம்மதித்திருந்தால் ஐப்பசிக்குள் பாதை முடிந்திருக்குமா என்பதை அறியேன். கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லாதிருந்தேன் என்பதை மட்டும் அறிவேன். அதை உங்கள் முன்பாக அறிக்கையிடுகிறேன்.

"இதுவும் ஊழியமா?"

காரியம் சபைக் குழுவின் முன் வந்தபோது, நான் மிகவும் மதிக்கும் மூப்பர் ஒருவர் எழுந்து கேட்ட கேள்வி இது. அவர் சொன்னதன் சாரம்: "உலாவப் போவது பட்டணத்தாரின் வழக்கம். நம் ஜனங்கள் தண்ணீர்க்குடத்தோடும் விறகுக்கட்டோடும் ஆயுள் முழுவதும் நடந்து களைத்தவர்கள். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குச் சாலையில்லாமல் தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போனதைப் பத்திரிகையில் பார்த்தோம். மலைமேல் இருக்கிறவனுக்கே வழியில்லாதபோது, நமக்கு உலாவ ஒரு வழியா?"

அவருடைய கேள்வி நியாயமானது. அதை அலட்சியம் செய்கிறவன் ஏழைகளின் கால்களை அறியாதவன். ஆனாலும் அந்தக் கேள்வியையே பல நாட்கள் தியானித்தபின் நான் வேறொரு முடிவுக்கு வந்தேன்.

நம் தாய்மார் ஆயுள் முழுவதும் நடந்தார்கள் என்பது மெய். ஆனால் அவர்கள் ஒருநாளாவது சுமையில்லாமல் நடந்தார்களா? தலையில் குடமும் இடுப்பில் பிள்ளையும் இல்லாமல், அந்தி சாயும் வேளையில், போகவேண்டிய இடம் ஒன்றுமில்லாமல், கர்த்தர் படைத்த குன்றையும் வானத்தையும் பார்த்தபடி நடக்கும் பாக்கியம் அவர்களுக்கு எப்போது கிடைத்தது? ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானம்பண்ண வயல்வெளிக்குப் போனான் என்று ஆதியாகமம் 24-ம் அதிகாரம் சொல்கிறது. பகலின் குளிர்ச்சியான வேளையில் தேவன் தோட்டத்தில் உலாவினார் என்று அதே புத்தகத்தின் 3-ம் அதிகாரம் சொல்கிறது. நம்முடைய ஆண்டவர் ஜனக்கூட்டத்தை விட்டுத் தனித்து மலைமேல் ஏறினார். இளைப்பாறும் நடையைப் பட்டணத்தாருக்கு மட்டும் உரியதென்று விட்டுக்கொடுக்க வேதம் நமக்கு இடங்கொடுக்கவில்லை. சுமந்து நடந்தவளுக்கே சுமையின்றி நடக்கும் உரிமை முதலில் உண்டு.

கோட்டூர் மலையைக் குறித்தும் ஒரு வார்த்தை. நடப்பதை மறந்த சபை, நடந்தே தீரவேண்டியவர்களையும் விரைவில் மறந்துவிடும். பாதை வெட்டிப் பழகிய கைகளும், கிராமசபையில் எழுந்து பேசப் பழகிய நாவுகளும், நாளை மலைக்கிராமத்தாரின் வழிக்காகவும் பேசும். சொந்தத் தெருக்கோடியின் முட்செடியைக் கண்டும் காணாமல் போகிறவன் மலைமேல் இருப்பவனுக்காகப் பேசுவான் என்று நான் நம்பவில்லை.

வழியைப் பேணுவது கட்டளை

வேதத்தில் வழியைப்பற்றிய வசனங்களை நாம் பெரும்பாலும் உவமையாகவே வாசிக்கிறோம். கோணலானவை செவ்வையாகும் என்று கேட்டவுடன் நம் மனம் இருதயத்தின் கோணல்களை நினைக்கிறது. அது சரியே. ஆனால் உபாகமம் 19:3-ஐக் கவனியுங்கள். தவறுதலாக ஒருவனைக் கொன்றவன் ஓடி ஒளிந்துகொள்ளும்படி அடைக்கலப்பட்டணங்களை ஏற்படுத்தச் சொன்ன கர்த்தர், அதோடு நிறுத்தவில்லை. அவற்றிற்குப் போகும் வழியையும் உண்டாக்கும்படி கட்டளையிட்டார். பட்டணம் இருந்தும் வழி புதர்மண்டிக் கிடந்தால் அடைக்கலம் இல்லையென்றே அர்த்தம். சாலைகள் பிரிகிற இடங்களிலெல்லாம் 'அடைக்கலம்' என்று எழுதிவைத்தார்கள் என்று யூத மரபு சொல்கிறது. பயந்து ஓடிவருகிறவன் திகைத்து நிற்கக்கூடாது என்பதே காரணம்.

யூதரின் மிஷ்னா என்னும் நூல் இன்னொரு வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆதார் மாதம் 15-ம் நாளில் வழிகளையும் தெருக்களையும் பழுதுபார்ப்பார்கள். அது மாரிக்காலம் முடியும் வேளை. அடுத்த மாதம் பஸ்கா பண்டிகைக்கு ஜனங்கள் எருசலேமுக்குத் திரளாக நடந்து வருவார்கள். மழை அரித்ததைப் பண்டிகைக்கு முன் சரிசெய்வது ஊர்ப் பொறுப்பாயிருந்தது. நம்முடைய ஆண்டவர் நடந்து போன வழிகளும் யாரோ பெயர் தெரியாதவர்கள் மண்ணிட்டு நிரப்பிய வழிகளே.

இதற்கு எதிரான காட்சி நியாயாதிபதிகள் 5:6-ல் இருக்கிறது. தெபொராள் தன் நாட்டின் சீர்குலைவை வர்ணிக்கும்போது முதலாவது சொல்வது, பெரும்பாதைகள் வெறுமையாய்க் கிடந்தன, வழிப்போக்கர் பக்கவழிகளில் சுற்றிப்போனார்கள் என்பதே. மக்கள் அச்சமின்றி நடக்கும் பாதை இருக்கிறதா என்பதைக்கொண்டே ஓர் ஊரின் நிலையை அறியலாம்.

வெளியுலகில் இரண்டு பாதைகள்

இப்படிப்பட்ட பணியைத் தன்னார்வமாகச் செய்தவர்கள் பலர். அவர்களில் இரு சாரைச் சொல்கிறேன்.

நாசரேத்திலிருந்து கப்பர்நகூம்வரை 65 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நடைபாதை இருக்கிறது. இயேசுவின் பாதை என்று அதற்குப் பெயர். கானா ஊர், ஹத்தீன் குன்று, அர்பேல் மலை, பிரசங்க மலை ஆகியவற்றின் வழியாக அது கலிலேயாக் கடலைச் சேர்கிறது. 2007-ல் அதை அடையாளப்படுத்தத் தொடங்கியவர்கள் இருவர். மாஓஸ் இனோன் இஸ்ரவேல் நாட்டு யூதர். டேவிட் லேண்டிஸ் அமெரிக்க மெனோனைட் கிறிஸ்தவர். புதிய சாலை போட அவர்களிடம் பணமில்லை. இருந்த ஒற்றையடிப் பாதைகளை இணைத்தார்கள். பாறைகளில் வண்ணக் கோடுகள் தீட்டினார்கள். குப்பை அகற்றவும் அடையாளங்களைப் புதுப்பிக்கவும் தன்னார்வலர்களை அழைத்தார்கள். யூதர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் ஆகிய மூவரின் ஊர்களையும் அந்தப் பாதை தொட்டுச் செல்கிறது.

2023 அக்டோபர் 7-ம் நாள் தாக்குதலில் மாஓஸ் இனோனின் தாயும் தகப்பனும் கொல்லப்பட்டார்கள். அவர் பழிவாங்கலைக் கேட்கவில்லை, சமாதானத்தைக் கேட்டார். தன் அண்ணனை இழந்த பாலஸ்தீனரான அசீஸ் அபூ சாராவோடு கைகோத்து நின்றார். 2024 மே மாதத்தில் இத்தாலியின் வெரோனா நகரில் போப் பிரான்சிஸ் அந்த இருவரையும் அணைத்துக்கொண்டதை உலகம் பார்த்தது. பாதை வெட்டியதால் அவருக்கு இந்த மனம் வந்ததா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஊருக்கும் ஊருக்கும் இடையே வழி திறக்கப் பல ஆண்டுகள் உழைத்த ஒருவர், துக்கத்தின் நாளில் அந்த வழிகளை அடைக்க மறுத்துவிட்டார் என்பதைக் காண்கிறேன்.

மற்றொன்று அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடரில் உள்ளது. 1921-ல் பெண்டன் மக்காய் என்பவர், மனைவியை இழந்த சில மாதங்களில், தொழிற்சாலை நகரங்களில் களைத்துப்போனவர்கள் மூச்சுவிட ஒரு நெடும்பாதை வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1937-ல் அந்தப் பாதை முழுமையடைந்தது. இன்று 14 மாநிலங்களின் ஊடாக ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் செல்கிறது. அதை இன்றளவும் காப்பவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்காத தொண்டர்கள். சுமார் முப்பது சங்கங்கள் பாதையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றின் அங்கத்தினர் ஆளுக்குச் சில கிலோமீட்டரைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டு, விழுந்த மரத்தை அகற்றி, வாய்க்காலைத் தூர்வாருகிறார்கள். அந்த முறைதான் நமக்கு வேண்டியது. பீகாரில் தசரத் மாஞ்சி 1960 முதல் 1982 வரை தனியாக நின்று உளியாலும் சுத்தியலாலும் மலையைப் பிளந்து வழி உண்டாக்கினார். அந்த உறுதிக்குத் தலைவணங்குகிறோம். நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பதோ மலை அல்ல, முட்புதர். தனியாளும் அல்ல, ஒரு சபை.

மண்வெட்டி கற்றுக்கொடுத்தது

கடந்த தை மாதம், மழை ஓய்ந்தபின், வேலையைத் தொடங்கினோம். முதல் சனிக்கிழமை பதினொரு பேர். மண்வெட்டி, கடப்பாரை, கொடுவாள் இவையே கருவிகள். முள்ளை வெட்டினால் பாதை ஆகிவிடும் என்று நான் எண்ணியிருந்தேன். கட்டட வேலைக்குப் பெங்களூரு சென்று திரும்பிய ஒரு சகோதரர்தான் எங்களுக்குப் பாதையின் இலக்கணத்தைக் கற்றுத்தந்தார்.

பாதையின் முதல் பகைவன் முள் அல்ல, நீர். மேட்டில் நேராக ஏறும் தடத்தில் மழைநீரும் நேராக இறங்கும். இரண்டு மழைக்காலத்தில் தடம் ஓடையாகிவிடும். ஆகையால் பாதை சரிவைக் குறுக்காக அணைத்து, வளைந்து ஏறவேண்டும். பத்தடி நடந்தால் ஓரடிக்குமேல் உயரக்கூடாது. நடக்கும் பரப்பு பள்ளத்துப் பக்கமாகச் சிறிது சாய்ந்திருக்கவேண்டும். அப்போது நீர் பாதையின்மேல் ஓடாமல் குறுக்கே கடந்து போய்விடும். சரிவு அதிகமான இடங்களில் கற்களைக் குறுக்கே சாய்வாகப் பதித்து நீரை ஓரத்திற்குத் திருப்பவேண்டும். சீமைக்கருவேலை வெட்டினால் போதாது. வேரோடு தோண்டாவிட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்க்கும்.

இதில் நம் ஆவிக்குரிய வாழ்க்கைக்கும் பாடம் உண்டென்று உங்களுக்கே விளங்கும், நான் விரித்துரைக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்கிறேன். நான் இருபது ஆண்டுகளாகப் பிரசங்கித்தும் ஒருவரோடொருவர் பேசாதிருந்த இரண்டு குடும்பத்தார், ஒரே கல்லைக் கடப்பாரையால் நெம்பும்போது பேசினார்கள். "தம்பி, அந்தப் பக்கம் புடி" என்பதுதான் முதல் வார்த்தை.

ஏதோமின் எல்லையில்

இப்போது நம் தியானப் பகுதிக்கு வருகிறேன். ஏனெனில் நம் வேலை ஏறக்குறைய முக்கால் தூரத்தில் நின்றுபோயிருக்கிறது.

அந்த இடத்தில் தடம் ஒரு பெரியவரின் நிலத்தை ஒட்டிச் செல்கிறது. காலப்போக்கில் நிலக்கடலை வரப்பைக் கடந்து தடத்தின்மேல் வந்துவிட்டது; வேலியும் குறுக்கே நிற்கிறது. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று நம் வாலிபர் கண்டுபிடித்தார்கள். சர்வேயரை வைத்து அளந்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். சட்டப்படி அவர்கள் சொல்வதில் தவறில்லை.

நான் அவர்களை எண்ணாகமம் 20-ம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னேன். காதேசிலிருந்து மோசே ஏதோமின் ராஜாவுக்கு ஆள் அனுப்புகிறான். தன் ஜனங்கள் பட்ட பாடுகளை முதலில் சொல்கிறான். பிறகு கடந்துபோக உத்தரவு கேட்கிறான். கேட்கும்போதே வாக்குக் கொடுக்கிறான்: வயல்களிலும் திராட்சத்தோட்டங்களிலும் கால்வைக்கமாட்டோம், கிணற்றுத் தண்ணீரைத் தொடமாட்டோம், வலதுபுறமும் இடதுபுறமும் சாயாமல் ராஜபாதையிலேயே போய்விடுவோம் என்கிறான். மறுக்கப்பட்டபோது, தண்ணீர் குடித்தால் அதற்கு விலை கொடுப்போம் என்றும் சொல்கிறான். அப்போதும் ஏதோம் இடங்கொடுக்கவில்லை. இஸ்ரவேல் விலகிச் சுற்றிப்போனது. ஏன் போர்செய்யவில்லை என்பதற்கு உபாகமம் 2-ம் அதிகாரத்தில் காரணம் இருக்கிறது: அவர்கள் உங்கள் சகோதரர்.

வழி கேட்பவன் முதலில் தன்னால் வரும் சேதத்தை நினைக்கவேண்டும். அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்தபோதுதான் அவருடைய பயம் எங்களுக்குத் தெரிந்தது. உடைந்த புட்டியால் அவருடைய எருதின் கால் வெட்டுப்பட்டிருக்கிறது. பாதை திறந்தால் இருசக்கர வாகனங்களும் குடிப்பவர்களும் வருவார்கள் என்று அஞ்சுகிறார். பாதை சீரானால் அதைப் பயன்படுத்துகிறவர் நல்லவர் மட்டுமாயிருப்பார் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்; அது எங்கள் பேதைமை. ஆகையால் நாங்களும் வாக்குக் கொடுத்தோம்: வாரந்தோறும் புட்டிகளையும் குப்பையையும் அகற்றுவோம், வண்டி நுழையாதபடி இரு முனையிலும் கல் நடுவோம், அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் நடக்கமாட்டோம். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. இப்போதைக்கு வேறொரு விவசாயி மனமுவந்து கொடுத்த வரப்பின் வழியாகச் சுற்றிப்போகிறோம். முதியோருக்கு அந்தச் சுற்று கடினம் என்பதை அறிவேன்.

என் கருத்து இதுதான்: அளவைச் சங்கிலி நம் கடைசிச் சொல்லாக இருக்கட்டும், முதற்சொல்லாக வேண்டாம். அண்டை நிலத்தாரை எதிரியாக்கிப் பெறும் பாதையில் முதியோர் நிம்மதியாக நடக்கமுடியாது. சென்ற வாரம் அந்தப் பெரியவரே ஒரு கேள்வி கேட்டனுப்பினார்: "மழை வந்தா உங்க பாதைத் தண்ணி என் காட்டுக்குள்ள இறங்குமா?" நியாயமான கேள்வி. நம் வாலிபர் அந்த இடத்தில் நீரை மறுபக்கம் திருப்பும்படி கற்களைப் பதித்துக் காட்டப்போகிறார்கள். வாதத்தைவிட அந்தக் கற்கள் தெளிவாகப் பேசும் என்று நம்புகிறேன்.

இன்னொரு எல்லையையும் நாம் மதிக்கவேண்டும். நம் பாதை குன்றடியில், காப்புக்காட்டின் எல்லைக்கு வெளியே, முடிகிறது. நம் மாவட்டத்தின் காடுகளில் ஒரு பகுதி 2022 முதல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாயிருக்கிறது. யானைகள் நடமாடும் நிலம் அது. அங்கே வழி அவற்றினுடையது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கக்கூடாது. காட்டில் நடக்க ஆசையுள்ள பிள்ளைகளுக்கு இப்போது முறையான வழி உண்டு. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை, உள்ளூர் வழிகாட்டிகளோடு, முன்பதிவு செய்து நடக்கும்படி திறந்திருக்கிறது. ஆர்வம் நல்லது, உத்தரவின்றி நுழைவது நல்லதல்ல.

உங்களிடம் கேட்பது

கிராமசபை ஆண்டுக்கு ஆறுமுறை கூடுகிறது. வரும் அக்டோபர் 2 கூட்டத்தில் இந்த வண்டித்தடத்தை ஊரின் நடைபாதையாகப் பேணவேண்டும் என்று மனுக் கொடுக்கிறோம். இது சபையின் மனு அல்ல, ஊரின் மனு. கோயில் தெருவாரும் பள்ளிவாசல் தெருவாரும் நம்மோடு கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்கள். பாதையின் எந்த இடத்திலும் நம் சபையின் பெயர்ப்பலகை வைக்கப்படாது. நடக்கிறவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று பாதை கேட்பதில்லை. வாக்குரிமையுள்ள நம் சபையார் அனைவரும் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கவேண்டும். ஜெபிக்கிறோம் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடாதீர்கள். நெகேமியா ஜெபித்தபின் ராஜாவிடம் போய்க் கேட்டான்.

ஒவ்வொரு வீட்டு ஜெபக்குழுவும் பாதையின் ஒரு பகுதியைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறேன். ஆண்டுக்கொருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதத்தில், எல்லாரும் கூடி மழை அரித்ததைச் சரிசெய்வோம். மண்வெட்டி பிடிக்கமுடியாதவர்கள் நடந்தால் போதும். நடப்பதும் பாதையைக் காப்பதே. கால்பட்ட இடத்தில் முள் முளைப்பதில்லை.

இடுப்பெலும்பு முறிந்த அந்தத் தாயார் இப்போது ஊன்றுசட்டத்தைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். பாதையின் தொடக்கத்திலிருந்து முதல் புங்கமரம்வரை ஏறக்குறைய முந்நூறு மீட்டர். அந்தத் தூரத்தை மட்டுமாவது, சக்கர நாற்காலி தடுமாறாமல் செல்லும்படி, கெட்டிப்படுத்தி முடிக்க வாலிபர் தீர்மானித்திருக்கிறார்கள். அறுப்பின் பண்டிகைக்குள் அவரை அந்த மரத்தடிக்கு அழைத்துப்போகவேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். என்னுடையதும் அதுவே. "பார்க்கலாம்" என்ற என் சொல்லுக்கு நான் செய்யும் பிராயச்சித்தம் அல்ல இது. பிராயச்சித்தம் சிலுவையில் முடிந்தது. மன்னிக்கப்பட்டவன் கடப்பாரையைப் பிடிக்கத் தடையில்லை என்பதே என் ஆறுதல். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தெருக்கோடியில் இருப்பேன்.

ஜெபம்: எங்கள் பரலோகப் பிதாவே, மனுஷர் நடந்த மண்ணில் உம்முடைய குமாரனும் நடந்தபடியால் உமக்கு ஸ்தோத்திரம். நாங்கள் மறந்துபோன வழிகளை நினைப்பூட்டும். வழி கேட்கும்போது தாழ்மையையும், மறுக்கப்படும்போது பொறுமையையும், கொடுக்கப்படும்போது உண்மையையும் எங்களுக்குத் தாரும். சுமந்து களைத்த கால்கள் சுமையின்றி நடக்கும் நாளைக் காணச்செய்யும். எங்கள் அண்டை நிலத்தாரையும், இரவெல்லாம் உழைத்து வீடு திரும்பும் வாலிபரையும், மலைமேல் வழியின்றி வாழ்கிறவர்களையும் ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்,
ஏரியூர்